தகைமை குறைந்தவர் வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கலாமா?



மாங்குளம் பக்கத்துத் தாய் ஒருவர் காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். மகள் உயர்தரம் சித்தியெய்தியவள். ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். "தாய்லாந்தில் இங்கிலிஷ் படிப்பிக்கலாமாம், பட்டம் வேண்டாமாம், சுற்றுலா விசாவில் போனால் காணுமாம். இந்தக் காணியை ஈடு வைக்கட்டோ, சுவாமி?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

பட்டமில்லாமலும் படிப்பிக்கலாம் என்ற விளம்பரம் முழுப் பொய்யன்று. ஆனால் அது எம்முடைய கடவுச்சீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே உரியது. அவர்களிடமும் பட்டம் கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் தாய்லாந்தில் வேலை செய்வதோ சட்டவிரோதம். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியே போன எம் நாட்டு இளைஞர் பலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதை நீங்கள் அறிவீர்கள்.

எம்மவர் கடல் கடந்து படிப்பித்தது புதிதுமல்ல. 1976 இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் இருந்தது, ஆசிரியர் இல்லை. இலங்கை ஆசிரியர் பலர் அங்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். அவர்களை வெள்ளைக்காரர் போலப் பேசுகிறார்கள் என்று யாரும் எடுக்கவில்லை. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவர்கள், வகுப்பில் நின்று பழகியவர்கள் என்றே எடுத்தார்கள்.

இன்று அப்படியான வாசல் எமக்கு மிக அருகில் மாலைதீவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம். இந்திய, இலங்கை ஆசிரியர் நெடுங்காலமாக வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கும் கற்பித்தல் டிப்ளோமாவோ பட்டமோ கேட்பார்கள். உயர்தரம் மட்டும் காணாது. கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஆலயம் இல்லை. பிற சமயத்தவர் பொதுவில் வழிபடச் சட்டம் இடம் கொடாது. வழிபாட்டுச் சுரூபங்களைக் கொண்டுபோகவும் தடை. பெட்டியில் மாதா சுரூபத்தை வைத்து அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள். ஞாயிறு பூசை இல்லாத இரண்டு வருடத்தைப் பிள்ளை தாங்குவாளா என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? சொந்த ஊரில்தான். பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வாரம் மூன்று நாள் படிப்பியுங்கள். பேசத் தெரிவது வேறு, படிப்பிக்கத் தெரிவது வேறு. 'ஸ்கூல்' என்பதைப் பிள்ளை 'இஸ்கூல்' என்கிறது. 'ஹீ கோஸ்' என்பதற்கு 'ஹீ கோ' என்று எழுதுகிறது. ஏன் என்பது, அதே இடத்தில் ஒருகாலம் தடுக்கி விழுந்த எமக்கு இலண்டன்காரரைவிட நன்றாகத் தெரியும். என்ன படிப்பித்தோம், எது விளங்கவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் பேசுவதற்கு அதுவே கைமுதல்.

அதனோடு படிப்பும் வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டநெறி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கேம்பிரிட்ஜின் 'செல்டா' சான்றிதழுக்குப் பட்டம் கட்டாயமல்ல. 120 மணி நேரப் பயிற்சி, அதில் உண்மையான மாணவர் முன் 6 மணி நேரம் படிப்பிக்க வேண்டும். கட்டணம் எம் மக்களுக்குப் பாரம்தான். கைத்தொலைபேசியில் சில நாளில் கிடைக்கும் மலிவுச் சான்றிதழில் இந்த 6 மணி நேரம் இராது. நல்ல பாடசாலைகள் அதைப் பெரிதாக எண்ணுவதுமில்லை.

முகவர் எவரானாலும், 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். வேலை ஒப்பந்தம் கையில் வருமுன் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகத்துக்கு நீங்களே போகலாம். இடையில் ஆள் தேவையில்லை.

அந்தத் தாய் உறுதியோடு வீடு திரும்பினார். மகள் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறாள். முதற் கிழமை நாலு பிள்ளைகள் வந்தார்களாம். இப்போது பாய் காணவில்லையாம்.