அந்நிய மூலதனமும் மலைநாடும்

கேள்வி: டிஜிட்டல் தொழில்களுக்கான அந்நிய முதலீட்டை நீலகிரி போன்ற மலை மாவட்டம் ஈர்க்க முடியுமா?

பதில்: முடியும். அந்நிய மூலதனம் இம்மலைக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் பணத்தில் தேயிலைத் தோட்டங்கள் செழித்த காலத்தில் கொழுந்து கிள்ளிய கரங்கள் இங்கிருந்தன, லாபத்தின் பெரும்பங்கோ கடல் கடந்து சென்றது. பிற்பாடு மூலதனத்துக்குப் பதிலாக அந்நியத் தொழில்நுட்பம் வந்தது. பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்தைப் பெற்று 1967-இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் சுருள்களையும் எக்ஸ்ரே பிலிம்களையும் தேசமெங்கும் அனுப்பி எத்தனையோ குடும்பங்களுக்கு ஜீவனம் அளித்தும், கடன் சுமையாலும், டிஜிட்டல் காமிராவின் வருகைக்கு ஈடுகொடுக்க இயலாமையாலும் நலிந்து மூடப்பட்டது என் மனத்தை இன்றும் வருத்துகிறது. இரவல் தொழில்நுட்பத்தோடு சொந்த ஆராய்ச்சியும் வளர்ந்திருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

குன்னூரில் 2003-இல் தொடங்கிய ‘டீசர்வ்’ மின்னணு ஏலமோ, உள்ளூர்த் தேவையிலிருந்தே பிறந்து, கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தேயிலையைக் கணினி வழியே விற்க வழிசெய்தது.

வெளியார் பணமோ நுட்பமோ நிலைக்க உள்ளூர் அடித்தளம் வேண்டும். எனவே, முதலீட்டாளரை அழைக்கும் முன், தடையற்ற மின்சாரமும், மழைக்கால மண்சரிவில் அறுபடாத இணையத் தடமும், உதகை அரசு கலைக் கல்லூரி மாணவர்க்குத் தக்க கணினிப் பயிற்சியும் வேண்டுமென உங்கள் பிரதிநிதிகளை இடைவிடாது வற்புறுத்துங்கள்.