கார்புரேட்டர் கை, இன்ஜெக்‌ஷன் வேலை

ஸ்லோ ஜெட் அடைத்திருப்பதை ஐட்லிங் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் மெக்கானிக்குகள் நம்மூரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான வேலைதான் குறைந்துகொண்டு வருகிறது. புதுக் கார்களில் கார்புரேட்டர் நின்று இருபது ஆண்டுக்கு மேலாகிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான புது பைக்குகளிலும் அது போய்விட்டது. இதற்கிடையில், அப்பா வாங்கிய மாருதி 800-ஐ விற்க மனமில்லாதவர்களும், ஜிப்ஸி, அம்பாசிடர், கான்டெஸா வைத்திருப்பவர்களும் பட்டறைக்கு வந்து கேட்கிறார்கள்: "இதுக்கு இன்ஜெக்‌ஷன் போட முடியுமாண்ணே?"

முடியும். இதையே தொழிலாகவும் எடுத்துச் செய்யலாம். லேப்டாப்பில் நம்பர் மாற்றத் தெரிந்த பையன்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். பெட்ரோல் கசியாமல் பம்ப் மாட்டவும், வருஷக்கணக்கில் தாங்குகிற ஒயரிங் போடவும் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அரிது. உங்களுக்கான இடம் அங்கேதான் காலியாக இருக்கிறது.

எந்த வேலையை எடுப்பது?

முதலில், மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். கம்ப்ரெஷன் போன எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன் மருந்தல்ல. முதலில் எஞ்சின் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். மைலேஜ் இரட்டிப்பாகும் என்று நம்பி வருபவரையும் மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். நன்றாக டியூன் செய்த கார்புரேட்டரோடு பார்த்தால், மிச்சமாகும் பெட்ரோல் மாற்றும் செலவை ஈடுகட்டாது.

உண்மையான லாபம் வேறு. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டிக்குப் போனதும் இழுக்காமல் கருப்புப் புகை விடும். மேலே காற்று மெலிந்துவிட, ஜெட் மட்டும் கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விடுகிறது. இன்ஜெக்‌ஷனில் மேப் சென்சார் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துச் சொல்ல, இ.சி.யு. என்ற கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும். இ20 பெட்ரோல் இன்னொரு காரணம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை லீனாகிறது. ஆக்சிஜன் சென்சார் இருந்தால், சீரான ஓட்டத்தில் அதை இ.சி.யு.வே சமன் செய்துகொள்ளும். காலையில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆவதும் சின்ன விஷயமல்ல. இவற்றுக்காகப் பணம் தருகிறேன் என்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

பைக்கில் தொடங்காதீர்கள். ஒற்றை சிலிண்டரில் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறி இறங்கித் துடிப்பதால் மேப் சென்சாரின் ரீடிங்கைப் பிடிப்பதே தனி வித்தை. பழக மாருதி 800 நல்லது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். கம்பெனியே பின்னாளில் இன்ஜெக்‌ஷன் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வகையையும் விற்றது. புதுப்பேட்டை மாதிரி சந்தைகளில் பழைய பாகங்கள் கிடைக்கும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: 12 வால்வு ஹெட்டின் மேனிஃபோல்டு 6 வால்வு ஹெட்டில் உட்காராது. ஜிப்ஸியிலும் இதே சிக்கல் உண்டு, எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸியின் ஹெட் 16 வால்வு.

பெட்ரோல் லைன்தான் பாதி வேலை

காரில் கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. இன்ஜெக்‌ஷனுக்கு 43 பி.எஸ்.ஐ. அளவில், அதாவது 3 பார், வேண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய ஹோஸில் சொட்டிக்கொண்டிருந்த கசிவு இந்த அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும். அது சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் வண்டி போய்விடும். அதனால் இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் ஹோஸ், அதற்கான கிளாம்ப் இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண ஹோஸ் கிளிப் ரப்பரை அறுத்துவிடும். லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். தீயணைப்பு சிலிண்டர் இல்லாத பட்டறை இந்த வேலையைத் தொடவே கூடாது.

டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் பம்ப் மாட்டுவது வீண். முப்பது வருஷத் துரு முதலில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், அடுத்து இன்ஜெக்டரை. பழைய டேங்க்கின் உள்ளே தடுப்பும் சரியாக இருக்காது. கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும், வண்டி வெட்டி வெட்டி ஓடும். பாதி டேங்க்குக்குக் கீழே மட்டும் இந்தக் கோளாறு வந்தால் இ.சி.யு.வைச் சந்தேகிக்காமல் இதைப் பாருங்கள். ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வைத்தால் தீரும். ரெகுலேட்டரிலிருந்து மீதிப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைனும் வேண்டும். பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான் என்பதால், ரிசர்வில் ஓட்டும் பழக்கத்தை விடும்படி வண்டிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒயரிங்கில் முதல் எதிரி எர்த். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் புது எர்த் ஒயர் இழுத்த பிறகே மற்றவை. செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி, டெர்மினல், எர்த் மூன்றையும் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பம்ப்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். எஞ்சின் நின்றதும் பம்ப்பும் நிற்கும்படி ரிலேயை இ.சி.யு.வே இயக்க வேண்டும். விபத்தில் உயிர் காப்பது அதுதான். சுவிட்ச் வைத்து நேரடியாக பம்ப் ஓட்டுவதைச் சில இடங்களில் பார்க்கிறேன். அது வேலையல்ல, கொலைபாதகம்.

கணக்கு கொஞ்சம் வேண்டும்

இன்ஜெக்டரைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. முழு இழுவையில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.25 சி.சி. பெட்ரோல் வேண்டும். 37 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மொத்தம் 194 சி.சி. அதை மூன்று சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 65. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 81 சி.சி.க்குக் குறையாமல் வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 300 சி.சி. போட்டால், ஐட்லிங்கில் திறக்கும் நேரம் மிகக் குறைந்து கட்டுப்பாடு போய்விடும்.

இ.சி.யு.வுக்கு மெகாஸ்க்விர்ட், அர்டுயினோ பலகையில் இயங்கும் ஸ்பீடுவினோ ஆகிய இரண்டும் கற்பவருக்கு ஏற்றவை. இரண்டையும் ட்யூனர்ஸ்டுடியோ என்ற ஒரே மென்பொருளில் திருத்தலாம். ஆரம்பத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீர்கள். இக்னிஷன் பழையபடியே இருக்கட்டும், பெட்ரோலை மட்டும் இ.சி.யு. பார்த்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஸ்டார்ட் ஆகாதபோது எதில் கோளாறு என்றே தெரியாது.

டியூனிங்குக்கு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கட்டாயம் வாங்குங்கள். சாதாரண நேரோபேண்ட் சென்சார் கலவை ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. சீரான ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல், முழு இழுவையில் 12.5 முதல் 13 என்று வைத்துத் தொடங்குங்கள். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று கலந்து லீன் என்று பொய் சொல்லும். இங்கேதான் உங்கள் பழைய அனுபவம் கைகொடுக்கும்: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் வரும் தடுமாற்றத்தை ஆக்சிலரேட்டர் பம்ப்பில் சரிசெய்தவருக்கு, அதே வேலையை லேப்டாப்பில் செய்யச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

பில்லும் காகிதமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் அதுவேதான், பெட்ரோல் போகும் விதம் மட்டும் மாறுகிறது என்றாலும், வண்டிக்காரர் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் பத்திரமாகக் கட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கூலியை மொத்தமாகப் பேசாதீர்கள். பாகங்கள், ஒயரிங், டியூனிங் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். டியூனிங் ஒரு நாளில் முடியாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வண்டி இரவு முழுக்கப் பட்டறையில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படத்தை ஒரு தாளில் வரைந்து வண்டிக்குள்ளேயே வையுங்கள். நடுவழியில் நின்றால் வேறு மெக்கானிக் கைவைக்க அது வேண்டும்.

முதல் வண்டி உங்கள் சொந்த வண்டியாக இருக்கட்டும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதை ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்தவர் சாவியை வாங்குங்கள்.