பூஸ்ட் பெடலை எங்கே மாட்டுறது?

இந்த வார எபிசோட்ல சிக்னல் செயின் பத்திப் பேச ஆரம்பிச்சு, பூஸ்ட் பெடல் வரைக்கும் போக நேரம் பத்தல. அதை இங்கே எழுதிடறேன். கேள்வி அனுப்பினது பத்தொன்பது வயசுத் தம்பி ஒருத்தர். அவங்க ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுல வாசிக்கிறார். கூட கீபோர்டு, ரிதம் பேடு, ரெண்டு பாடகர்கள். சோலோ வரும்போது பூஸ்ட்டை மிதிச்சா சத்தம் கூடல, கரகரப்புதான் கூடுதாம். "இதைவிட பவரான பூஸ்ட் வாங்கணுமா அண்ணா?"

காசை வைங்க தம்பி. ஒரு பேட்ச் கேபிளை மாத்திச் சொருகிப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

பூஸ்ட் செய்யறது ஒரே வேலை: வர்ற சிக்னலைப் பெருக்கி அனுப்பும். 6 டெசிபெல்னா வோல்டேஜ் ரெண்டு மடங்கு, 12னா நாலு மடங்கு, 20னா பத்து மடங்கு. ஓவர்டிரைவ் ரெண்டு வேலை செய்யும்: முதல்ல பெருக்கும், அப்புறம் ஒரு அளவுக்கு மேல போறதை வெட்டிடும். அந்த வெட்டுதான் நம்ம காதுல கரகரப்பா விழுது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. கிட்டார்லருந்து வர்றது 0.1னு வெச்சுக்குவோம். ஓவர்டிரைவ் அதை 20 மடங்காக்கி, 0.5க்கு மேல இருக்கறதை வெட்டுது. வெளியே வர்றது 0.5. இதுக்கு முன்னாடி நாலு மடங்கு பூஸ்ட் போட்டா? 0.4 உள்ளே போய் 8 ஆகி, வெட்டுப்பட்டு, மறுபடியும் 0.5. அதே பூஸ்ட்டை ஓவர்டிரைவுக்குப் பின்னாடி போட்டா 0.5 நாலு மடங்காகி 2. ரெண்டும் அதே பெடல், அதே குமிழ். கோடு எழுதறவங்களுக்கு இது புதுசில்ல: ரெண்டு ஃபங்ஷனோட வரிசையை மாத்தினா விடையும் மாறும். நிஜ ஓவர்டிரைவ் இவ்வளவு கறாரா வெட்டாது, அதனால முன்னாடி வெச்சாலும் சத்தம் கொஞ்சம் ஏறும். ஆனா மேடையில கேக்கற அளவுக்கு ஏறாது.

அப்போ முன்னாடி வைக்கிறது தப்பா? இல்ல. அதுக்கு வேற பலன் இருக்கு. சுரம் அடங்க அடங்க சிக்னல் சின்னதாகுமில்லையா, பூஸ்ட் இருந்தா அது ரொம்ப நேரத்துக்கு அந்த 0.5 கூரையை முட்டிக்கிட்டே இருக்கும். அதாவது சுரம் நீண்டு நிக்கும். 1960கள்ல வந்த டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் இந்த வேலைக்குப் பேர் போனது. ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் உள்ளே. ட்ரெபிளைத் தூக்கி, வால்வ் ஆம்ப்போட வாசல்லயே தள்ளிவிடும். ரோரி கல்லஹர், டோனி அயோமி ரெண்டு பேரும் அதை வாசிச்சிருக்காங்க. மெட்டல் வாசிக்கிறவங்க இன்னிக்கும் ட்யூப் ஸ்க்ரீமரை டிரைவ் குமிழைக் கீழே, லெவல் குமிழை மேலே வெச்சு, ஏற்கெனவே கதறிக்கிட்டு இருக்கற ஆம்ப்புக்கு முன்னாடி மாட்டறாங்க. அது லோ-எண்டைக் குறைச்சு மிட்டை முன்னே தள்ளறதால ரிஃப் கொழகொழன்னு ஆகாது. அவங்களுக்கு வேண்டியது சத்தம் இல்ல, இறுக்கம்.

தம்பிக்கு வேண்டியது சத்தம். அதனால ஓவர்டிரைவுக்குப் பின்னாடி.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆம்ப் கிளீனா இருந்தாத்தான் மேல சொன்ன கணக்கு நிக்கும். ஆம்ப்பே உடைஞ்சு ஒலிக்குதுன்னா, அதோட பிரீ-ஆம்ப் இன்னொரு ஓவர்டிரைவ் மாதிரிதான். பெடல் வரிசையில கடைசியா மாட்டினாலும் அதுக்கு முன்னாடிதான் மாட்டினதா அர்த்தம். அப்போ ஆம்ப்புக்குப் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன்னு எழுதின ரெண்டு ஜாக் இருக்கான்னு பாருங்க. அதுதான் எஃபெக்ட்ஸ் லூப், பிரீ-ஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவுல இருக்கு. பூஸ்ட்டை அங்கே போட்டா டோன் அப்படியே இருந்து சத்தம் மட்டும் ஏறும், பவர் ஆம்ப்புக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருந்தா. சின்ன பிராக்டிஸ் ஆம்ப்கள்ல பெரும்பாலும் லூப் இருக்காது. அப்போ ஆம்ப்பைக் கிளீனா வெச்சுக்கிட்டு கரகரப்பைப் பெடல்லயே எடுக்கறதுதான் என் சாய்ஸ்.

ஃபஸ் ஃபேஸ் மாதிரிப் பழைய டிசைன் ஃபஸ் வெச்சிருந்தா அதுக்கு முன்னாடி பூஸ்ட் வேண்டாம். கிட்டார் பிக்கப்போட நேரடித் தொடர்பை எதிர்பார்க்கற சர்க்யூட் அது. நடுவுல ஏதாவது வந்தா, கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது அழகா கிளீன் ஆகற அந்தக் குணம் போயிடும். கம்ப்ரெஸருக்கு முன்னாடியும் வேண்டாம். நீங்க ஏத்தறதை அது உக்காந்து அமுக்கிக்கிட்டே இருக்கும்.

டிலே இருந்தா? பூஸ்ட்டை அதுக்கு முன்னாடி வைங்க. சோலோ முடிஞ்சு பூஸ்ட்டை அணைச்சாலும், உள்ளே போன எதிரொலிகள் அதே சத்தத்தோட ஆரம்பிச்சு மெதுவா அடங்கும். பின்னாடி வெச்சா, அணைச்ச நொடியே வாலும் சேர்ந்து பொத்துனு விழும். ஒண்ணு மட்டும் கவனம்: டிஜிட்டல் டிலேயோட உள்ளீட்டுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டித் தள்ளினா வர்ற கரகரப்பை யாரும் டோன்னு சொல்ல மாட்டாங்க.

ஆக, தம்பியோட வரிசை: கிட்டார், ஓவர்டிரைவ், பூஸ்ட், டிலே, கிளீனா இருக்கற ஆம்ப். இதுக்கு அப்புறமும் சோலோ கேக்கலன்னா, கீபோர்டும் கிட்டாரும் ஒரே மிட்ல முட்டிக்கிட்டு இருக்கலாம். கீபோர்டு வாசிக்கிறவரை அந்த எட்டு பார்ல மட்டும் ஒரு ஆக்டேவ் மேலயோ கீழயோ போகச் சொல்லுங்க.

பூஸ்ட் குமிழை வீட்டு ரூம்ல செட் பண்ணாதீங்க. சவுண்ட் செக்ல மொத்த பேண்டும் வாசிக்கும்போது திருப்புங்க. 6 டெசிபெல் கிட்டேருந்து ஆரம்பிக்கலாம். முன்கூட்டியே மிக்ஸர்ல இருக்கற அண்ணன்கிட்டயும், "சோலோவுல நானே ஏத்துவேன், ஃபேடரை இறக்கிடாதீங்க"ன்னு சொல்லி வெச்சிடுங்க.