தாரை இரண்டு அங்குலம் உயர்த்தலாமா?

கேள்வி: 2021 மாடல் தார் ஜீப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறேன். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு தேரிக்காடு, மணப்பாடு பக்கம் போவோம். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த ஆஸ்திரேலிய லிஃப்ட் கிட் ஒன்றுக்குப் பட்டறையில் 30 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கூடவே பெரிய டயரும் போடச் சொல்கிறார்கள். "சுங்கம் கட்டி முறையா வந்த சாமான், ஜிஎஸ்டி பில் தாறோம், ஆர்.சி.யில உயரம்னு ஒரு கட்டமே கிடையாது, ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்கிறார் பட்டறைக்காரர். அடுத்த வாரம் மாட்டுவதாக இருக்கிறது. இது குற்றமா? இன்சூரன்ஸ் என்னாகும்? வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி

பதில்: மாட்டாதீர்கள். அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.

பட்டறைக்காரர் சொன்னதில் சுங்கம், பில் இரண்டையும் முதலில் தள்ளிவிடலாம். துறைமுக ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மயக்கம் அதிகம் வரும். கப்பலில் வந்த பெட்டி முறையாக வெளியே வந்துவிட்டால் எல்லாம் முறைதான் என்று நினைப்பு. பொருளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சுங்கச் சட்டம், விற்பதற்கு ஜிஎஸ்டி. அதை வண்டியில் மாட்டிச் சாலையில் ஓட்டலாமா என்பதைச் சொல்வது மோட்டார் வாகனச் சட்டம் மட்டுமே. பில் உங்களுக்கு உதவும், ஆனால் வேறு இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆர்.சி.யில் உயரம் இல்லை என்ற வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சான்றில் இல்லாத விவரம் எப்படி மாறுபடும் என்று கேட்கலாம்தான். நீங்கள் ஏற்கெனவே மாட்டிவிட்டு வழக்கோடு வந்திருந்தால் நானே அதை வாதிட்டுப் பார்ப்பேன். ஆனால் அதை நம்பி மாட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி தந்த தீர்ப்பு இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி ஒவ்வொரு மாடலின் மூல வடிவமும் புணேயின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகளில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பிறகே விற்பனைக்கு வருகிறது. அப்படிச் சான்று பெற்ற அமைப்பை உரிமையாளர் கலைக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அந்த அமைப்பின் நடுவில் இருப்பவை.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட் கிட் ஒன்று, அளவு மீறிய டயர் இன்னொன்று. ஏட்டில் மட்டும் இருக்கும் பிரிவு என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீநகரில், உங்களைப் போலவே தார் வைத்திருந்த ஒருவருக்குப் போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. முன் குற்றம் எதுவும் இல்லாததால் இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவிட்டது. இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறீர்கள், எனவே முந்தைய உரிமையாளர் ஏதாவது மாட்டியிருக்கிறாரா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் இரண்டு பாகம். உங்கள் வண்டி இடித்து வேறொருவர் காயப்பட்டால், காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. வண்டியை உயர்த்தியது அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றாம் நபருக்குப் பணம் போகும். உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான பாகம் அப்படியல்ல. அது நீங்களும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் அங்கே நிறுவனத்தின் கை ஓங்கும். சொல்லிவிட்டு மாட்டினாலும் சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு அவர்கள் ஒப்புதல் தருவது கடினம். கடன் இருப்பதால், சொல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை வங்கி ஒப்பந்தத்திலும் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவார். தாரின் முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் கொண்டவை. உயர்த்தினால் முன் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடி ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும், அலைன்மென்ட் மாறும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்பி இருந்தால், அது பழைய உயரத்துக்குத்தான் அளவு செய்யப்பட்டிருக்கிறது. உயிர்ச்சேதம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு; கவனக்குறைவுக்கு அரசுத் தரப்பு முதலில் காட்டப்போவது இந்த அறிக்கையைத்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்குத் தரையிலிருந்து இடைவெளி, வகையைப் பொறுத்து, 226 மில்லிமீட்டர் வரை இருக்கிறது. லிஃப்ட் கிட் பாறையும் பள்ளமும் உள்ள மலைப்பாதைக்கு. தேரியில் வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் டயர் மணலைத் தோண்டுவதால்தான். காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் போதும், திரும்பி வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். இதற்கு எந்தப் பிரிவும் குறுக்கே நிற்காது. ஆனால் நீங்கள் சொல்லும் தேரிக்காட்டில் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே ஓட்டினால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் வரும். கடற்கரை மணல்மேடுகளுக்கோ 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மிக உயர்ந்த பாதுகாப்பு தருகிறது. மணப்பாட்டில் படம் எடுக்க மேட்டில் ஏற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தால் நிறுவனம் குறிப்பிட்ட அதே வகையை மாற்றுவதில் தடையில்லை. டயரும் உங்கள் மாடலுக்கு நிறுவனம் பட்டியலிட்ட அளவில் இருக்கட்டும்.

இனி அட்வான்ஸ். சட்டம் தடுக்கும் செயலுக்கான ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி செல்லாது. செல்லாது என்று தெரியவந்தால், வாங்கிய பயனைத் திருப்பித் தரச் சொல்கிறது 65-ஆவது பிரிவு. இந்தப் பாதுகாப்பு, தடை இருப்பது தெரியாமல் பணம் கொடுத்தவருக்குத்தான். தெரிந்த பிறகும் மாட்டிக்கொண்டு, பிடிபட்ட பின் பணம் கேட்டால் நீதிமன்றம் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கும். ஆகவே இந்த வாரமே எழுதுங்கள்: கிட்டுக்கு அங்கீகாரச் சான்று இருந்தால் நகல் தரவும், இல்லையெனில் வேலையை நிறுத்தி 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பவும். ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். அட்வான்ஸ் ரசீதும், "ஒண்ணும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால் அதுவும், அழியாமல் இருக்கட்டும். பில் உதவும் என்றேனே, அது இங்கேதான். பதில் வராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.