அரை கிரெயின் கூட்டும் முன்

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதமும் குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே ஒஹாயோவில் ஏரிக்கரைக் குளிர் இன்னும் விடவில்லை. அங்கே டெக்சாஸில் அதற்குள் வெயில் ஏறியிருக்கும். ரைபிளை வாங்கிய கையோடு தோட்டாவையும் நீயே நிரப்ப உட்கார்ந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். குறிப்பேடு வைத்திருப்பது அதைவிடச் சந்தோஷம்.

நீ கேட்டது ஒன்றுதான். புத்தகம் சொல்லும் வெடிமருந்தின் உச்ச அளவுக்கு அரை கிரெயின் கீழே நிற்கிறாய். சுட்ட தோட்டாவில் பிரைமரின் ஓரம் அழுத்தத்தில் தட்டையாகாமல் இன்னும் உருண்டையாகவே இருக்கிறது. அப்படியானால் உச்சத்தைத் தாண்டி ஓர் அரை கிரெயின் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. அதோடு, இப்போது நிரப்பி வைத்திருக்கும் தோட்டாக்களையும் சுடாதே. இதற்கான காரணம் முழுவதும் நீ அனுப்பிய பக்கங்களிலேயே இருக்கிறது.

மூன்றாவது பக்கத்தில் வேகத்தைக் குறித்திருக்கிறாய். கடைசி வரிசையின் சராசரி வினாடிக்கு 2,715 அடி. அதே 168 கிரெயின் குண்டுக்கும் அதே மருந்துக்கும் உன் புத்தகம் உச்ச அளவில் தரும் வேகம் 2,700. புத்தகக்காரர்கள் அதை 24 அங்குலக் குழலில் அளந்தார்கள், உன் குழல் 20 அங்குலம். .308 வின்செஸ்டரில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் ஏறத்தாழ 20 அடி குறையும். அப்படிப் பார்த்தால் முழு உச்ச அளவைப் போட்டாலும் உன் துப்பாக்கி 2,620 பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும். மருந்து குறைவு, குழலும் குட்டை, ஆனாலும் வேகம் கூடியிருக்கிறது. குழலுக்குக் குழல் முப்பது நாற்பது அடி வித்தியாசம் வருவது சகஜம். தொண்ணூறு அடிக்கு அது பதில் ஆகாது. குண்டைத் தள்ளுவது அழுத்தம் மட்டுமே. கூடுதல் வேகத்தை உனக்குக் கொடுத்ததும் கூடுதல் அழுத்தம்தான். நீ உச்சத்துக்குக் கீழே நிற்பதாக நினைக்கிறாய். வேகமானி நீ அதைத் தாண்டிவிட்டாய் என்கிறது.

பிரைமர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்பாய். பிரைமரின் கிண்ணம் ஒரு மெல்லிய உலோகத் துண்டு. ஒரு கம்பெனியின் கிண்ணம் மென்மை, இன்னொன்றின் கிண்ணம் கடினம். ஃபெடரல் பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகிவிடும் என்றும், சிசிஐ பிரைமர் கடைசிவரை அசையாது என்றும் பழைய கைகள் சொல்வது இதனால்தான். உறை சேம்பரில் சற்றுத் தளர்வாக உட்கார்ந்திருந்தால், குறைந்த அழுத்தத்திலும் பிரைமர் முதலில் பின்னால் நழுவி, பிறகு போல்ட்டின் முகத்தில் நசுங்கித் தட்டையாகத் தெரியும். ஊசித் துளை சற்றுப் பெரிதாக இருக்கும் துப்பாக்கியில், அபாயமே இல்லாத தோட்டாவிலும் பிரைமரின் நடுவில் எரிமலை வாய் போல ஒரு விளிம்பு எழும். ஆக, பிரைமர் பயமுறுத்தும்போதும் பொய் சொல்லலாம், பேசாமல் இருக்கும்போதும் பொய் சொல்லலாம். ஒரே துப்பாக்கியில் ஒரே பிரைமரோடு படிப்படியாக ஏறும்போது அதன் முகம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பதில் மட்டும் பயன் உண்டு.

பித்தளை அதைவிட நேர்மையானது, ஆனால் மெதுவாகப் பேசும். தோட்டா உறை நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளை. உறையின் அடிப்பகுதியைத் தடிப்பாகவும் கடினமாகவும் செய்கிறார்கள். .308-க்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த வரம்பில் நல்ல பித்தளை எந்த அடையாளமும் காட்டாது. உறையின் அடியில், உமிழ்ஊசியின் துளை இருக்கும் இடத்தில், வட்டமாக ஒரு பளபளப்பு விழுகிறதே, அது பித்தளை அந்தத் துளைக்குள் வழிந்ததன் தடம். போல்ட்டைத் தூக்கும்போது கை கனப்பது, உறை சேம்பரோடு இறுகிவிட்டதன் அறிகுறி. இரண்டு மூன்று முறை சுட்ட உறையில் புதுப் பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால், பிரைமர் குழி விரிந்துவிட்டது. இவையெல்லாம் வெளியே தெரியும்போது அழுத்தம் பெரும்பாலும் 70,000 பக்கம் போயிருக்கும். அதாவது அடையாளங்கள் தெரியத் தொடங்கும் இடத்தில் எல்லை இல்லை. எல்லை உனக்குப் பின்னால் போய்விட்டது. அடையாளம் தெரியும்வரை ஏறி, பிறகு அரை கிரெயின் இறங்கு என்று யாராவது உனக்குச் சொன்னால், அவர் அனுபவசாலியாகவே இருந்தாலும் கேட்காதே. அந்த அரை கிரெயின் இறக்கம் உன்னை வரம்புக்குள் கொண்டுவந்து விட்டதா என்பதை அவரால் அளந்து சொல்ல முடியாது. புத்தகக்காரர்கள் சேம்பரில் உணர்கருவி பொருத்தி அழுத்தத்தை நேரடியாக அளக்கிறார்கள். உன்னிடமும் என்னிடமும் அது இல்லை. நம் கைக்கு எட்டிய நல்ல சாட்சி வேகமானி ஒன்றுதான்.

கூடுதல் அழுத்தம் எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களைப் பார்க்கிறேன். நண்பர் கொடுத்த லேக் சிட்டி உறைகளுக்கு மாறியிருக்கிறாய். அவை ராணுவத் தோட்டாவின் உறைகள். சுவர் தடிமன், எடை கூடுதல், அதனால் உள்ளே இடம் குறைவு. வின்செஸ்டர் உறையில் பார்த்துத் தேர்ந்த மருந்தை அப்படியே அதில் ஊற்றினால், அதே மருந்து சிறிய அறையில் எரிகிறது. சுட்ட உறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி எடை பார்; வித்தியாசத்தைக் கண்ணால் காண்பாய். அதோடு குண்டை முன்னே நீட்டி உட்கார்த்தி, குழலின் சுழல்வரிகளைத் தொடும்படி செய்திருக்கிறாய். துல்லியத்துக்காக என்று எழுதியிருக்கிறாய். வரியைத் தொடாத குண்டு, தடை வருவதற்கு முன் கொஞ்ச தூரம் தாராளமாக ஓடும். தொட்டு நிற்கும் குண்டுக்கு அந்த ஓட்டம் இல்லை, அழுத்தம் செங்குத்தாக எழும். ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் நீ கவனித்திருப்பாய். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ததால் எது எதைச் செய்தது என்று உனக்கே தெரியாமல் போயிற்று.

இப்படி இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்த கதை ஒன்று, நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கேம்ப் பெர்ரியில் 1921-இல் நடந்தது. அந்தக் காலத்து செம்பு நிக்கல் மேலுறையிட்ட குண்டுகள் குழலில் கட்டி கட்டியாக உலோகம் ஒட்டவைக்கும். அதைத் தவிர்க்க வீரர்கள் குண்டை கிரீஸில் தோய்த்துச் சுடுவது வழக்கம். அந்த வருஷ தேசியப் போட்டிக்காக ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலை, குண்டின்மேல் வெள்ளீயப் பூச்சிட்ட புதுத் தோட்டாவைக் கொடுத்தது. உலோகம் ஒட்டும் தொல்லை தீர்ந்தது. ஆனால் நாள் போகப் போக அந்த வெள்ளீயம் உறையின் கழுத்தோடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டது. குண்டைப் பிடுங்கவே பெரும் விசை வேண்டியிருந்தது. கிரீஸ் இல்லாமல் சுட்டபோது தாங்கிற்று. கிரீஸ் கூடாது என்று சொல்லியும் பழக்கத்தை விடாத சிலர் தோய்த்துச் சுட்டார்கள். கழுத்துக்கும் சேம்பருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை கிரீஸ் அடைத்தது, கழுத்து விரிந்து குண்டை விட வழியில்லை. துப்பாக்கிகள் உடைந்தன. ஜூலியன் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட தன் குறிப்பேட்டுப் புத்தகத்தில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். உன்னைப் போல ஆர்வமுள்ளவன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம் அது.

இன்னொன்று என் கண்ணில் பட்டது. மருந்தின் பெயரை வெறும் '4895' என்று எழுதியிருக்கிறாய். 4895 என்று இரண்டு மருந்துகள் விற்கின்றன. ஐஎம்ஆர் 4895 ஒன்று, ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச் 4895 இன்னொன்று. எண் ஒன்று, மருந்து வேறு, எரியும் வேகமும் வேறு. ஒன்றின் அட்டவணையை மற்றதற்கு எடுக்கக் கூடாது. எந்த டப்பா என்று பார்த்து, முழுப் பெயரையும் லாட் எண்ணையும் எழுது. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். டெக்சாஸில் இருப்பவனுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எச் 4895 வெயிலுக்கு அதிகம் அசையாதபடி செய்யப்பட்டது, ஐஎம்ஆர் 4895 வெப்பத்தில் கூடுதலாக மாறும். ஜனவரிக் காலையில் சரியாக இருந்த தோட்டா, ஆகஸ்டில் கார் டேஷ்போர்டில் கிடந்தபின் அதே தோட்டாவாக இருக்காது. தோட்டாப் பெட்டியை நிழலில் வை. துப்பாக்கிச் சேம்பர் சூடேறியிருக்கும்போது தோட்டாவை உள்ளே போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்காதே.

இனி துல்லியத்துக்கு வருகிறேன். இத்தனையும் நீ செய்தது அதற்காகத்தானே. ஏழு அளவுகளில் அளவுக்கு மூன்று குண்டு சுட்டு, அதில் ஒன்று 100 கெஜத்தில் அரை அங்குலத்துக்குள் விழுந்ததால் அந்த அளவைப் பிடித்துக்கொண்டாய். உன் ஏழு அளவுகளும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருந்தாலும், மூன்று குண்டுக் குழுக்களில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடச் சின்னதாக வந்தே தீரும். அதை மறுபடி சுட்டுப் பார். பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்குப் போய்விடும். சமீப வருஷங்களில் ஹார்னடி நிறுவனத்தின் ஆய்வாளர்களே இதை வெளிப்படையாகச் சொல்லி வருகிறார்கள். பத்துக் குண்டு, முடிந்தால் இருபது குண்டு ஒரே குறியில் விழட்டும், அப்போதுதான் அந்தத் தோட்டாவின் உண்மையான அகலம் தெரியும். கிரெய்டன் ஆடெட் பெயரால் வழங்கும் ஏணி முறையும் இப்படித்தான். படிக்கு ஒரு குண்டு சுட்டு, எங்கே உயரம் மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பது. யோசனை நல்லது. படிக்கு ஒரு குண்டு போதாது.

நீ எடுத்திருக்கும் 168 கிரெயின் சியரா மேட்ச்கிங் 300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்காகவே உருவான குண்டு. அதை யாரும் கட்டாயப்படுத்தி உச்சத்துக்கு ஏற்றத் தேவையில்லை. நல்ல குழலும் நல்ல குண்டும் உன்னிடம் இருக்கின்றன. இனி உன் கையில் இருப்பது ஒழுங்கு ஒன்றுதான். ஒரே தயாரிப்பாளரின் உறைகள். சுட்ட உறையின் தோளை ஆயிரத்தில் இரண்டு அங்குலம் மட்டும் பின்னால் தள்ளும்படி டையை அமை. அதற்குமேல் தள்ளினால் உறை ஒவ்வொரு முறையும் நீண்டு, அடிக்குச் சற்று மேலே உட்புறத்தில் மெலிந்து, ஒருநாள் அங்கே வெட்டினாற்போல் பிரியும். உறையின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிவிடு. நீண்ட கழுத்து சேம்பரின் முனையில் மாட்டிக் குண்டை நெரிக்கும், அதுவும் அழுத்தம்தான். அரை கிரெயின் கூட்டி உனக்கு என்ன கிடைக்கும் என்றும் யோசித்துப் பார். முப்பது அடி வேகம். 300 கெஜத்தில் குண்டு விழும் உயரத்தில் அரை அங்குலம்கூட வித்தியாசம் வராது.  வேகம் நூற்றுக்கு ஒன்று கூடும்போது, அழுத்தம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. துப்பாக்கியும் உன் கண்ணும் மட்டும் அந்தக் கணக்கைத் தாங்க வேண்டியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இது. நிரப்பிய தோட்டாக்களை எல்லாம் குண்டு பிடுங்கும் கருவியால் பிரித்துவிடு. மருந்து எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று துளி சந்தேகம் இருந்தாலும் திரும்ப ஊற்றாதே, கொல்லைப் புல்லில் தூவிவிடு. உறைகளில் பொருத்திய பிரைமர்களைக் குத்தி எடுக்க வேண்டாம், அந்த உறைகளைச் சீட்டு ஒட்டித் தனியாக வை. லேக் சிட்டியையும் வின்செஸ்டரையும் வேறு வேறு பெட்டியில் போடு. வின்செஸ்டர் உறையோடு, புத்தகம் சொல்லும் 2.800 அங்குல நீளத்தில் குண்டை உட்கார்த்தி, புத்தகத்தின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறு. தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதே. மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைவாகப் போடுவதிலும் ஆபத்து உண்டு. கால் கிரெயின், அதிகம் போனால் அரை கிரெயின் படி. ஒவ்வொரு படியிலும் வேகத்தை எழுது. உன் 20 அங்குலக் குழலுக்கு 2,620 வந்த இடத்தில், மருந்து புத்தகத்தின் உச்சத்துக்குக் கீழே இருந்தாலும் நிறுத்திவிடு; அந்த வேகம் வராவிட்டாலும் உச்சத்தைத் தாண்டாதே. போல்ட் ஒருமுறை கனத்தாலும் அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம், நிரப்பும்போதும் அப்படியே. பழைய பிரைமர்களைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதே, அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது.

சுட்ட உறைகளைத் தூக்கி எறியாமல், எந்த அளவில் சுட்டது என்று எழுதி, ஒவ்வோர் அளவிலிருந்தும் இரண்டு எனக்கு அனுப்பிவை. அடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மருந்து டப்பாவின் முகப்பைப் படம் எடுத்து அதற்கு முன்பே அனுப்பு. எந்த 4895 என்று தெரியும்வரை நீ எடையே போட வேண்டாம்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா