யன்னலும் சைடிங்கும் மாற்ற ஆள் பிடிக்கும்போது

ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு ஒரே முகம். கீழே செங்கல், மேலே சைடிங், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற அலுமினிய யன்னல். அந்தச் சைடிங் வெளிறி நெளிந்துவிட்டது. யன்னல் ஓரத்தால் தை மாதக் காற்று உள்ளே வருகிறது. இரண்டையும் ஒன்றாக மாற்றுவது வீட்டுக்காரர் செய்யும் பெரிய செலவுகளில் ஒன்று. ஆனால் ஆள் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால், கலியாண வீட்டில் யாரோ சொன்ன நம்பருக்கு அடித்து, விலையைக் கேட்டு, நிறத்தைத் தெரிவுசெய்து, முற்பணம் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது.

இந்த வேலையில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. மழைநீரைத் தடுப்பது சைடிங் மட்டுமல்ல. அதன் பின்னால் இருக்கும் காப்புத்தாளும், யன்னலைச் சுற்றி ஒட்டும் நீர்த்தடுப்புப் பட்டியும், தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகடும் சேர்ந்துதான் சுவரைக் காக்கின்றன. சைடிங் அடித்து முடிந்தபின் அவை இருக்கின்றனவா என்று யாராலும் பார்க்க முடியாது. ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றே: மூடப்படப் போவதை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்குவது.

முதலில் நீங்களே ஒரு தாள் எழுதுங்கள்

கொன்ராக்ரரைக் கூப்பிட முன்னர் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த அறை, ஏறக்குறைய என்ன அளவு, இழுக்கிற யன்னலா கதவுபோலத் திறக்கிற யன்னலா, எந்தப் பக்கம் திறக்க வேண்டும். கதவுபோலத் திறப்பது மூடும்போது ரப்பர் பட்டியில் அழுந்திப் பொருந்துவதால் காற்றைக் கூடுதலாகத் தடுக்கும். குளிர் அடிக்கிற வடக்குப் பக்கத்துக்கு நான் அதையே சொல்வேன்.

படுக்கையறை யன்னலில் ஒரு கவனம். ஒன்ராறியோ கட்டட விதிப்படி, தீ விபத்தில் வெளியேறுவதற்கான யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. உயரமோ அகலமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பழைய சட்டத்துக்குள் புதிய சட்டத்தைச் செருகும்போது திறப்பு சுருங்கும். பேஸ்மென்ரில் யாரையாவது படுக்க வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தரம் அளந்து பார்க்க வேண்டும்.

வீடு 1980க்கு முந்தியது என்றால் பழைய சைடிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். 1960க்கு முந்திய வீட்டின் வெளிப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சுவருக்குள் சரளைக்கல்போலப் பளபளக்கும் வேர்மிகுலைற் துகள் தெரிந்தால், அதிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் என்பதால், கைவைக்காமல் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். உடைக்கத் தொடங்கிய பிறகு இது தெரியவந்தால் வேலையும் நிற்கும், செலவும் ஏறும்.

ரவுண்ஹவுஸ் கொண்டோவில் இருப்பவர்களுக்கு வெளிச்சுவரும் யன்னலும் பெரும்பாலும் பொதுச் சொத்து. நிர்வாகச் சபையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் ஆணியும் கழற்ற வேண்டாம்.

முழுச் சட்டமா, செருகலா?

விலைக்கு விலை பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். செருகல் முறையில் பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கும், அதற்குள் புதிய யன்னல் உட்காரும். வேலை விரைவு, விலை மலிவு, உள்சுவர் உடையாது. ஆனால் கண்ணாடியின் பரப்பு குறையும். பழைய சட்டம் உக்கியிருந்தால் அந்த உக்கல் உள்ளேயே இருக்கும். முழுச்சட்ட முறையில் சுவரின் மரம் தெரியும்வரை கழற்றிவிட்டுப் புதிதாகப் பொருத்துவார்கள்.

யன்னலை மட்டும் மாற்றுகிறீர்கள், சட்டம் உறுதியாக இருக்கிறது என்றால் செருகல் போதும். சைடிங்கையும் சேர்த்துக் கழற்றுவதென்றால் முழுச்சட்டம் செய்யாமல் விடுவது வீண். சுவர் திறந்திருக்கிற ஒரே சந்தர்ப்பம் அது. காப்புத்தாளை யன்னல் விளிம்போடு சரியாக மடித்து ஒட்ட அப்போதுதான் முடியும். ஒழுங்கும் அதுவே: பழைய சைடிங் கழற்றுதல், காப்புத்தாள், யன்னல், நீர்த்தடுப்புப் பட்டி, பிறகு புதிய சைடிங். இரண்டு வேறு கொம்பனிகளிடம் கொடுத்தால் நாளைக்குத் தண்ணீர் கசியும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஒரே ஆளிடம் கொடுப்பது நல்லது.

கண்ணாடியைப் பொறுத்தவரை எனர்ஜி ஸ்ரார் முத்திரையைப் பாருங்கள். 2020 முதல் கனடா முழுவதற்கும் ஒரே அளவுகோல்: வெப்ப இழப்பைக் காட்டும் யூ-எண் 1.22க்கு மேற்படக் கூடாது, அல்லது யன்னலின் மொத்தச் சக்தித்திறனைக் காட்டும் ஈ.ஆர். எண் 34க்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் விற்பனையாளர் சொல்லும் மூன்றடுக்குக் கண்ணாடி நல்லதுதான்; ஆனால் ஒழுங்காகப் பொருத்தாத மூன்றடுக்கைவிட ஒழுங்காகப் பொருத்திய இரண்டடுக்கு மேல்.

சைடிங்கில் வினைல் மலிவு. பைபர் சிமெந்து தீயைத் தாங்கும், கனமும் விலையும் கூட. ஒன்று கவனிக்கவேண்டும்: பக்கத்து வீடு நெருக்கமாக இருந்தால், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெயில் வினைல் சைடிங்கை இளக்கி நெளிய வைக்கும். அயலவரின் யன்னல் உங்கள் சுவருக்கு நேரே இருக்கிறதா, உங்கள் யன்னல் அவர் சுவருக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். பார்பிகியூ அடுப்பை வினைலுக்குக் கிட்ட வைப்பவர்களுக்கும் இதே கதி.

மூன்று பேரிடம், ஒரே தாளைக் கொடுத்து

நீங்கள் எழுதிய தாளையே மூவருக்கும் கொடுத்து எழுத்தில் விலை கேளுங்கள். அப்போதுதான் விலையை விலையோடு ஒப்பிட முடியும். வீட்டுக்கு வராமல் தொலைபேசியில் விலை சொல்பவரை அங்கேயே விடுங்கள்.

கேட்கவேண்டிய தாள்கள் சில. ரொறன்ரோ நகர எல்லைக்குள் வீடு திருத்துபவர்களுக்கு நகரசபை உரிமம் தேவை; நகரசபையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று காப்புறுதிக் கொம்பனியிடமே கேட்டுச் சான்று வாங்குங்கள். தொழிலாளர் விபத்துக் காப்புக்கான டபிள்யூ.எஸ்.ஐ.பி. கிளியரன்ஸ் சான்றிதழின் இலக்கத்தை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏணியில் இருந்து ஒருவர் விழுந்தால், இந்தத் தாள்கள் இல்லாத இடத்தில் வழக்கு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். கடைசியாக, மாகாண அரசு வெளியிடும் நுகர்வோர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

முன்னர் செய்த வீடுகளைக் காட்டச் சொன்னால் போன மாதம் முடித்ததைக் காட்டுவார்கள். புது வேலை எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். நான்கைந்து குளிர்காலம் கண்ட வீடு ஒன்றைக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: பிறகு ஒரு பிரச்சினைக்குக் கூப்பிட்டபோது வந்தாரா?

“அண்ணை, எங்களுக்குள்ள பேப்பர் எதுக்கு?” என்று சிரித்துக்கொண்டு கேட்பவர் நல்ல வேலைக்காரராகவும் இருக்கலாம். ஊர்க்காரர், உறவுக்காரர் என்றால் தாள் கேட்பது அவமதிப்பு என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கூச்சம் உண்டு. உண்மையில் உறவைக் காப்பாற்றுவதே அந்தத் தாள். “தம்பி, மனுசி கேட்கிறா, எழுதித் தாரும்” என்று பழியை வீட்டுக்காரியில் போட்டாவது வாங்கிவிடுங்கள்.

“காசாகத் தந்தால் எச்.எஸ்.ரி. இல்லை” என்பது அடுத்த தூண்டில். 13 வீதம் மிச்சம் என்று தோன்றும். பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு வரன்ரியும் இல்லை, சலுகைப் பணமும் இல்லை. எச்.எஸ்.ரி. பதிவு தேவையில்லை என்ற விலக்கு ஆண்டு விற்பனை 30,000 டொலருக்கு உட்பட்டவர்களுக்குத்தான். யன்னலும் சைடிங்கும் செய்பவர் இரண்டு மூன்று வீட்டிலேயே அதைத் தாண்டிவிடுவார். அவர் தரும் எச்.எஸ்.ரி. இலக்கத்தைக் கனடா வருமானவரித் துறையின் தளத்தில் சரிபார்க்கலாம்.

வீட்டு வாசலுக்கு வந்து, இன்றைக்கே கையெழுத்து வைத்தால் பாதி விலை என்பவரிடம் எதுவும் பேசத் தேவையில்லை. தவறி வைத்துவிட்டாலும், வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை அதன் பிரதி கைக்கு வந்த நாளில் இருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசோ எரிவாயு நிறுவனமோ தரும் சலுகைத் திட்டத்தில் சேர நினைத்தால், பழைய யன்னலைக் கழற்ற முன்னரே விதிகளை வாசியுங்கள். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் வேலைக்கு முன்பே வீட்டைச் சக்தி மதிப்பீடு செய்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

“12 யன்னல், சைடிங், எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்ற ஒற்றை வரி ஒப்பந்தம் அல்ல. யன்னல் வாரியாக அளவும் வகையும் மொடலும். முழுச்சட்டமா செருகலா. பொருத்துதல் கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ440.4 தரப்படி என்ற ஒரு வசனம். காப்புத்தாளின் பெயர், யன்னலின் கீழ் விளிம்பில் நீர்த்தடுப்புப் பட்டி, மேலே தகடு. உள்பக்க மரவிளிம்பும் பூச்சும் யாருடைய பொறுப்பு. குப்பையை யார் அள்ளுவது. உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தினதும் அடுப்பு விசிறியினதும் வெளிக்குழாய்களைக் கழற்றித் திரும்ப ஒழுங்காகப் பூட்டுவது. இந்தக் கடைசி விடயம் அற்பமாகத் தெரியும். சுவருக்குள் கழன்று கிடக்கும் குழாய் ஈரத்தையும் பஞ்சையும் உள்ளேயே கொட்டும்.

பலரும் எழுதாமல் விடுவது உக்கல் விலை. பழைய சைடிங்கைக் கழற்றும்போது உள்ளே சில பலகைகள் உக்கியிருப்பது வழமை. அதற்கு ஒரு பலகைக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி, படம் எடுத்துக் காட்டி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே மாற்ற வேண்டும் என்று சேருங்கள். சுவர் திறந்து கிடக்க, வானம் கறுத்துவர, பேரம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது. மதிப்பீடு எழுதிய ஒப்பந்தத்தில், நீங்கள் புதிய வேலைக்குச் சம்மதித்தால் ஒழிய, அந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாகக் கேட்கச் சட்டம் விடாது.

யன்னல் ஓட்டையைப் பெருப்பிப்பதானால் கட்டட அனுமதி வேண்டும். அதை யார் எடுப்பது என்பதையும் எழுதுங்கள்.

காசு கொடுக்கும் ஒழுங்கு

முற்பணத்தை 10 வீதம் அளவில் நிறுத்தப் பாருங்கள். யன்னல் உங்கள் அளவுக்கே செய்யப்படுவதால் சிலர் கூடக் கேட்பார்கள். அப்படியானால் மிச்சத்தை யன்னல் முற்றத்தில் வந்து இறங்கும்போது என்று பேசுங்கள். அதன்பின் யன்னல் பூட்டியதும் ஒரு பங்கு, சைடிங் முடிந்ததும் ஒரு பங்கு. திகதிக்கல்ல, முடிந்த வேலைக்கே காசு.

ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை மறித்து வைக்கச் சொல்கிறது. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் முழுக்காசையும் கொடுத்த பிறகு கொன்ராக்ரர் தன் உபகொன்ராக்ரருக்கோ சாமான் கடைக்கோ கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின்மேல் உரிமைக்கோரல் பதியலாம். மறித்து வைத்த அந்த 10 வீதம்தான் உங்கள் கேடயம். வேலை முடிந்து 60 நாள் கழிந்து, பதிவு எதுவும் இல்லை என்று பார்த்தபின் கொடுங்கள். முகம் சுளிப்பார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் அதிகம் சுளிக்க மாட்டார்கள்.

வேலை நடக்கும் நாளில்

அன்று மூடி முடிக்கக்கூடிய அளவு யன்னலை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் யன்னல் மாற்றலாம், ஒவ்வோர் அறையாக. வினைல் கடுங்குளிரில் நொறுங்கும் என்பதால் சைடிங்கை இளவேனிலுக்கு விடுவது மேல்.

மூடப்படுவதற்கு முன் ஒவ்வொரு யன்னலின் நான்கு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். காப்புத்தாளின் மேல்மடிப்பு கீழ்மடிப்புக்கு மேலாக விழ வேண்டும், கூரை ஓடு மாதிரி. எதிர்மாறாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். யன்னலைச் சுற்றி அடிக்கிற நுரை யன்னலுக்கென்றே உள்ள மென்மையான வகையாக இருக்க வேண்டும். மற்றது வீங்கிச் சட்டத்தை வளைத்துவிடும்.

வினைலைக் கையால் இடம் வலம் தள்ளிப் பாருங்கள், சற்று அசைய வேண்டும். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பொருளை இறுக்கி ஆணி அடித்தால் அடுத்த கோடையில் அலைபோல நெளியும். யன்னல் சட்டத்தின் அடியிலும் செங்கலின் கீழ் வரிசையிலும் உள்ள சிறு ஓட்டைகள் தண்ணீர் வெளியேறும் வழி. “எல்லாத்தையும் சிலிக்கோன் போட்டு அடைச்சிட்டன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அவற்றைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு யன்னலையும் நீங்களே திறந்து மூடிப் பூட்டிப் பாருங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய முத்திரையை உரிக்க முன்னர் அதையும் படம் எடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் புதிய யன்னலின் உட்பக்கம் வியர்த்தால் பதறி வரன்ரிக்கு அடிக்க வேண்டாம். பழைய யன்னலின் ஓட்டைகளால் வெளியேறிய ஈரம் இப்போது வீட்டுக்குள் நிற்கிறது. புட்டவிக்கும்போதும் கறி கொதிக்கும்போதும் அடுப்பு விசிறியைப் போட்டு, வீட்டின் ஈரப்பதத்தை இறக்கிப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில், துடைக்க முடியாத இடத்தில் புகார் படிந்தால் மட்டுமே அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். அது வரன்ரிக்கு உரியது. யன்னல் செய்த கொம்பனியின் வரன்ரி வேறு, பொருத்தியவரின் வரன்ரி வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டை விற்றால் வாங்குபவருக்கு அவை போய்ச்சேருமா என்றும் கேட்டு வையுங்கள்.