முந்திரிக் காசு கைக்கு வரும் நேரத்தில்

தங்கச்சி, சித்திரை வந்தால் உடையார்பாளையம் பக்கம் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான்: கொட்டையை இப்போதே போடலாமா, விலை ஏறட்டும் என்று வைக்கலாமா? "போன வருஷம் இதைவிட நல்லாப் போச்சே" என்று உன் மாமனார் இழுப்பார். போன வருஷ விலை முடிந்த கதை. மருந்தடித்த செலவும் அப்படித்தான். விற்றாலும் வைத்தாலும் அது திரும்பாது. இனி வரப்போகிற விலையையும் இனி ஆகப்போகிற செலவையும் மட்டும் பார்.

மூட்டை பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள். வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிய கடன் உனக்கு இருந்தால், அந்த மூட்டையை நாலு மாதம் வைத்திருக்க 800 ரூபாய் ஆகிறது. காய்ந்து எடை குறைவதும் எலியும் ஈரமும் தனி. 11,000 போகும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வைப்பதில் அர்த்தம். அதே கடன் ஒரு வட்டி நகைக்கடனாக இருந்தால் செலவு 400தான். கடனே இல்லாதவளுக்கு, பேங்கில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டிதான் நஷ்டம். அதனால் பக்கத்து வீட்டு அக்கா வைக்கிறாள் என்று நீயும் வைக்காதே. அவள் கணக்கு வேறு.

"இந்த வருஷம் நம்மூரில் காய்ப்பு கம்மி, விலை ஏறத்தான் செய்யும்" என்பதையும் அப்படியே நம்பாதே. பண்ருட்டி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வருகிறது. பருப்புச் சந்தையில் வியட்நாம் பெரிய கை. ஐவரி கோஸ்டில் நல்ல மகசூல் என்றால் இங்கே விலை படுத்துவிடும். நானாக இருந்தால் கடனை அடைக்கிற அளவுக்கு உடனே விற்றுவிட்டு, மிச்சத்தைத்தான் வைப்பேன்.

ஆமாம், முதல் வேலை கடன்தான். இரண்டு வட்டி என்பது வருஷத்துக்கு நூற்றுக்கு 24. எந்த பேங்க் டெபாசிட்டும் அவ்வளவு தராது. தண்டல் இன்னும் மோசம். தறி வீடுகளுக்குப் பத்தாயிரம் கடன் என்று சொல்லி 9,000தான் கையில் தருவார்கள். தினம் நூறு, நூறு நாள். "ஆயிரம்தானே" என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் கழிவதால், சராசரியாக 4,500 ரூபாய்தான் உன்னிடம் இருக்கும். அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி! வருஷக் கணக்கில் நூற்றுக்கு எண்பது. பீரோவில் சங்கிலியை வைத்துக்கொண்டு தண்டல் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துத் தண்டலை முடி. திருப்பும் தேதியை மட்டும் மறக்காதே.

அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதுதான் அதிக வட்டி ஆசை காட்டும் ஏஜென்டும் வருவான். 2022இல் ஆருத்ரா கோல்டு நிதி நிறுவன மோசடி விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். லட்சம் கட்டினால் மாதம் முப்பதாயிரம் வரை வரும் என்ற பேச்சை நம்பி, ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டினார்கள். அப்படி யாராவது வந்தால் ஒரு கேள்வி கேள்: மாதம் முப்பது சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவன், பேங்கில் வருஷம் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளாமல் உன் வாசலுக்கு ஏன் வருகிறான்?

தம்பி போனில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறானாமே. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டு: மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அங்கே இவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள். படிப்புக் காசை அதில் இறக்க விடாதே.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டாய். பேங்கில் போட்டால், ஒரு பேங்கில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். ஊரில் இருக்கும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொருந்தாது. அங்கே நகைக்கடன் வாங்கு, பெரிய தொகையை டெபாசிட் போடாதே. சீட்டு என்றால், பதிவு செய்த சீட்டா என்று பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சேர்.